அலமாரிக் கதவுக்குப் பின்னால்

பிப்ரவரி 6

அக்கா,

இந்த ஊருக்கு வந்து இன்றோடு நாற்பது நாள். இன்னும் மூன்று பெட்டி பிரிக்கவில்லை. எதில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டச் சொல்லி நீ தலைபாடாய் அடித்துக்கொண்டாய். நான் கேட்கவில்லை. இப்போது கரண்டி தேடினால் குடை வருகிறது. நன்றாகச் சிரித்துக்கொள்.

டிப்போவில் எனக்கு ஒன்பதாம் நம்பர் பஸ். வழியில் இரண்டு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி, பதினேழு வேகத்தடை. பஸ் ஓட்டுகிறேனா தொட்டில் ஆட்டுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. காலை ஐந்து மணிக்கு ஏறினால் இறங்க மதியம் ஆகிவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று தடவை போன் எடுத்தேன். நீ ஹலோ சொன்னதும் நம் வீட்டு வாலு போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள், "அத்தை எனக்கு மட்டும்தான்" என்று. அவள் எதிரில் பேசக்கூடிய விஷயமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். பயப்படாதே, இப்போது தேவலை. டாக்டர் பரிசோதனை செய்துவிட்டு, சிறுநீரில் கிருமி என்றார். பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லை, சிறுநீர் வந்தாலும் அடக்கிக்கொள்கிறாள், நாலு வயசில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எங்களைக் கேட்டார். பள்ளிக்குக் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டில் நிரப்பினது நிரப்பினபடியே திரும்பி வருவது உண்மைதான்.

அதற்கு மறுநாள் அவளுடைய புது டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் மேசையில் உட்கார, இவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அலமாரிக் கதவைத் திறந்து அதற்குப் பின்னால் போய் நின்று சாப்பிடுகிறாளாம். உட்கார் என்றால், "பாப்பாங்க பாக்கக் கூடாது" என்கிறாளாம். தினமும் இதே கதை. முன்பு இருந்த இடத்தில் யாராவது தண்டனையாக இப்படி நிற்க வைத்தார்களா என்று டீச்சர் கேட்டார்.

அக்கா, ஒன்றரை வருடம் அவள் இருந்தது உன் குழந்தைகள் காப்பகத்தில், உன் அறையில். நீ இல்லாத நேரத்தில் வேறு யாராவது அப்படிச் செய்திருப்பார்களா? என் வீட்டுக்காரிதான் கேட்கச் சொன்னாள் என்று எழுதினால் அது கோழைத்தனம். இரண்டு பேரும்தான் கேட்கிறோம். கோபித்துக்கொள்ளாதே.

தம்பி


பிப்ரவரி 13

தம்பிக்கு,

கோபித்துக்கொள்ளாதே என்று கடைசி வரியில் எழுதினால் கோபம் வராமல் போய்விடுமா? கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்க மனசு வரவில்லை.

இருபத்தொரு வருடம், டா. இந்தக் கையால் எத்தனை பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு பிள்ளைமேல் ஒரு நாள் கை ஓங்கிக்கூடப் பார்த்ததில்லை. என் கூட இருக்கிற சின்ன மிஸ் வேலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது, ஆனால் எறும்பு கடித்தால்கூட எறும்பிடம் மன்னிப்புக் கேட்கிற ஜாதி. எங்கள் அறையில் தண்டனை கிடையாது. நீயே எத்தனை நாள் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாய்.

தண்ணீர் குடிக்காத பிள்ளை என்று எழுதியிருக்கிறாயே, என் அறைச் சுவரில் என்ன இருக்கிறது என்று மறந்துவிட்டதா? பதினான்கு பிள்ளைகளின் படம், ஒவ்வொரு படத்துக்கும் நேரே கட்டங்கள், ஒரு டம்ளர் குடித்தால் ஒரு நீல ஸ்டிக்கர். பக்கத்தில் காய்கறி அட்டை, கை கழுவும் அட்டை. எல்லாம் நானே வெட்டி ஒட்டியது. உட்கார்ந்து சாப்பிடு, மென்று சாப்பிடு, அவசரப்படாதே என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லித் தொண்டை கட்டிப்போகிறவள் நான். பிள்ளைகள் ஸ்டிக்கருக்காக வாயில் வைத்துவிட்டு ஓடிப்போய்த் துப்புகிறார்கள், அது வேறு விஷயம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

உன் வீட்டுக்காரியிடம் சொல். நான் வளர்த்த பிள்ளையை நானே நிற்க வைத்துச் சோறு போடுவேன் என்று அவள் நினைத்தால், நான் வேறு எதையும் நிரூபிக்கப் போவதில்லை. அவளுக்காக வருத்தப்படுகிறேன். எனக்காகவும்தான்.

அந்த மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை கொடுங்கள். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாதே, நீ அப்படிச் செய்யக்கூடியவன். வாலு மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வாள், வாயைத் திறக்கச் சொல்லிப் பார். பச்சை டம்ளரில் கொடுத்தால் குடிப்பாள்.

இவ்வளவு பேசுகிறாயே, அவளையே கேட்டுப் பார்த்தாயா, யாரைப் பார்த்து அப்படி நிற்கிறாள் என்று?

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

கேட்டேன்.

நேராகக் கேட்டால் அவள் "தெரியாது" என்று கூரையைப் பார்ப்பாள், உனக்குத் தெரியும். அதனால் நேற்று விடுமுறை நாளில் நானும் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து பொம்மை விளையாட்டில் சேர்ந்தேன். என்னையும் ஒரு பொம்மையாகச் சேர்த்துக்கொண்டாள். கரடிக்கும் முயலுக்கும் நடுவில் என் இடம்.

எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தாள். கை கழுவச் சொன்னாள். விரல் இடுக்கெல்லாம் தேய்க்கச் சொன்னாள். தட்டு வைத்தாள். "மென்னு சாப்பிடணும், அவசரப்படக் கூடாது, யாரு முதல்ல கேரட் சாப்பிடப் போறாங்க?" என்று கேட்டாள். அக்கா, கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அது நீதான். குரல், இழுப்பு, எல்லாம்.

பிறகு தன் தட்டை எடுத்தாள். எங்கள் அலமாரிக் கதவைத் திறந்து, தட்டை உள்ளே வைத்துவிட்டு, அதன் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஒரு கை இடுப்பில், முதுகைப் பிடித்தமாதிரி. இன்னொரு கையால் மடமடவென்று வாயில் போட்டு மெல்லாமலே முழுங்கினாள். நடுநடுவே கதவுக்கு மேலே எட்டிப் பார்க்க முயற்சி. உயரம் எட்டாததால் பக்கவாட்டில் தலையை நீட்டி எங்களை எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, அப்பா." வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீங்க யாரு?" என்று கேட்டேன்.

"நான் அத்தை."

"அத்தை சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"தண்ணி குடிக்கலையா?"

"வேணாம். குடிச்சா பாத்ரூம் வரும். நான் போயிட்டா பாப்பாங்களை யாரு பாத்துக்குவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்புறம் திரும்பிப் பார்த்தால், துணி மடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி கையில் ஒரு சட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். என் சிரிப்பும் நின்றுவிட்டது. இவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கு சிவக்க வந்து, "அண்ணி முகத்துல எப்படி முழிப்பேன்" என்றாள். உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டியிருந்தேன். காட்டாமல் இருந்திருக்கலாம்.

உன்மேல் தப்பாகச் சந்தேகப்பட்டோம். மன்னித்துவிடு. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

ஆனால் அக்கா, இப்போது என் முறை. அவள் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அதை எங்கே பார்த்தாள்? உனக்கு முதுகு வலியா? தண்ணீர் குடிப்பதில்லையா நீ? உடம்பு எப்படி இருக்கிறது? "எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்" என்று எழுதாதே. உண்மையை எழுது.

தம்பி


மார்ச் 3

தம்பி,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. வேலைக்குப் போகிற வழியில் வாங்கிக்கொண்டு, எங்கள் பைகளை வைக்கிற சின்ன அறையில் நின்றபடியே படித்தேன். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்ன கதை சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

கதவுக்குப் பின்னால் நிற்கிறது நான்தான். இருபத்தொரு வருடமாக.

பிள்ளைகள் எதிரில் பணியாளர்கள் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் சேர்ந்த முதல் நாளே சொன்னார்கள். தனியாகப் போய்ச் சாப்பிட ஓர் அறையும் இருக்கிறது. ஆனால் நான் போனால் பதினான்கு பிள்ளைகளோடு சின்ன மிஸ் ஒருத்தி. இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதால் அவளும் சேர்ந்து அழுவாள். அதனால் மூலையில் பாய்கள் வைக்கிற அலமாரியைத் திறந்து, கதவுக்குப் பின்னால் நின்று நாலு வாய் போட்டுக்கொள்வது. விதியும் மீறவில்லை, பிள்ளைகளையும் விடவில்லை. எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தோன்றியது. சின்ன மிஸ்ஸுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

கதவு மறைக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கால் கீழே தெரியும், தலை மேலே தெரியும். நடுவில் இருப்பதைப் பிள்ளைகள் தாங்களே ஊகித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

உண்மையை எழுது என்றாய். எழுதுகிறேன். கத்தாதே. போன ஆகஸ்டில் மூன்று நாள் வெளியூரில் பயிற்சி வகுப்பு என்று சொன்னேன் இல்லையா? "சிறு குழந்தைகளுக்கு ஆரோக்கியப் பழக்கங்கள்" என்று தலைப்புகூடச் சொன்னேன். சான்றிதழைக் காட்டு என்று நீ கிண்டல் செய்தாய். பயிற்சியும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். வாலுவுக்கு வந்த அதே கிருமி, எனக்கு மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. இப்படியே அடக்கிக்கொண்டிருந்தால் ஒரு சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொன்னார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு நாலாம் நாள் வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டேன். மறுபடி பரிசோதனைக்குப் போகவில்லை. முதுகு வலி பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி வந்தது, அது எங்கள் எல்லோருக்கும் உண்டு.

நீ அப்போது இந்த ஊர் மாற்றலுக்காக அலைந்துகொண்டிருந்தாய். அதனால் சொல்லவில்லை. அதுவும் முழு உண்மை இல்லை. சொன்னால் நீ வேலையை விடு என்பாய் என்று பயம்.

இப்போது நானே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். நீல ஸ்டிக்கர் அட்டையைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. குடி குடி என்று வாயால் சொல்லிவிட்டு, குடிக்கக் கூடாது என்று உடம்பால் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் உடம்பு சொன்னதைத்தான் கேட்டிருக்கிறார்கள். என் கையில் வளர்ந்த என் வீட்டுக் குழந்தைக்கே வியாதியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மற்ற வீடுகளில் எத்தனை பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்களோ. ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரியிடம் சொல், அவள் கேட்டது நியாயம்தான். என் முகத்தில் அவள் விழிக்கலாம். நான்தான் அவள் முகத்தில் விழிக்க யோசிக்கிறேன்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

முதலில் கத்திவிடுகிறேன், பிறகு பேசுகிறேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்துக்கொண்டு எனக்குப் பயிற்சி வகுப்புக் கதையா? இரண்டு தெரு தள்ளித்தானே இருந்தேன். பொய் சொல்வதற்கு உனக்கு வேறு தலைப்பே கிடைக்கவில்லையா? படித்துவிட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் டிப்போ வாசலில் பத்து நிமிஷம் நின்றேன். கண்டக்டர் வந்து விசில் ஊதி என்னைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

கத்தி முடித்துவிட்டேன்.

அந்த ராஜினாமாக் கடிதத்தைக் கிழி. நீ போய்விட்டால் அந்தக் கதவுக்குப் பின்னால் சின்ன மிஸ் நிற்பாள். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். வாலு யாரும் சொல்லிக்கொடுக்காமல் சும்மா பார்த்தே இவ்வளவு கச்சிதமாகக் கற்றுக்கொள்கிறாள் என்றால், நீ அவர்கள் எதிரில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்.

இதைச் சொன்னது நான் இல்லை, இவள். உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அண்ணி உட்கார மாத்து ஆள் தர மாட்டாங்க. ஆனா பிள்ளைகளுக்கு மட்டும் உட்காரச் சொல்லித் தரணும். இது என்ன நியாயம்? தப்பு அண்ணி மேல இல்ல" என்றாள். ஆபீசில் யாரிடமோ சண்டை போடுகிற குரலில் சொன்னாள். எனக்கே பயமாக இருந்தது.

உங்கள் மேனேஜரம்மாவிடம் என் பிப்ரவரி 22 கடிதத்தைக் காட்டு. பொம்மை விளையாட்டுப் பகுதியை மட்டும் படிக்கச் சொல். மன்னிப்புக் கேட்ட பகுதியை மடித்துக் கொடு, எனக்கும் மானம் இருக்கிறது.

பரிசோதனைக்கு எந்தத் தேதிக்குப் போகிறாய்? தேதி எழுதாமல் பதில் போடாதே.

தம்பி

வாலு பச்சை டம்ளரில் குடிக்கிறாள், நான் எதிரில் உட்கார்ந்து குடித்தால் மட்டும். நானும் குடித்துத் தொலைக்கிறேன்.


மார்ச் 27

தம்பி,

பரிசோதனை மார்ச் 16ஆம் தேதி ஆயிற்று. முதலில் அதை எழுதிவிட்டேன், திருப்தியா? முடிவைக் கடைசியில் சொல்கிறேன். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

மேனேஜரம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். மன்னிப்பை மடிக்கவில்லை, அதையும் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்று சொன்ன சங்கதிகளை எல்லாம் அடுக்கினால் கூரையைத் தொடும். விதி விதிதான், ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், கூடுதல் ஆளுக்கு வழியில்லை என்றும் சொன்னார். கெட்டவர் இல்லை. அவர் மேசையிலும் ஆறு வேலை கிடந்தது.

மறுநாள் காலை நானே ஒரு காரியம் செய்தேன். பிள்ளைகள் மேசைக்கு முன்னால் அந்தக் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி, மெதுவாகக் குடித்தேன். பதினான்கு பேரும் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். ஒருத்தன் கட்டையைக் கீழே போட்டுவிட்டு, "மிஸ் தண்ணி குடிக்கிறாங்க" என்று மற்றவர்களுக்கு அறிவித்தான். யானை வந்தால்கூட அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டான். பிறகு வரிசை. ஜாடி காலியாகிவிட்டது. ஸ்டிக்கரை யாரும் கேட்கவே இல்லை, டா. எனக்குத்தான் பழக்கதோஷத்தில் கை அட்டைப் பக்கம் போயிற்று.

குடித்தால் போகவேண்டி வரும் இல்லையா? வந்தது, பதினோரு மணிக்கு. அடக்கவில்லை. நேரே மேனேஜரம்மா அறைக்குப் போய், "நான் பாத்ரூம் போயிட்டு வர்றேன். அஞ்சு நிமிஷம் என் ரூம்ல உக்காருங்க" என்றேன். இருபத்தொரு வருடத்தில் அந்த வாக்கியத்தை நான் சொன்னதே இல்லை. அவருக்கும் மறுக்கத் தோன்றவில்லை, எழுந்து வந்தார்.

நான் திரும்பி வந்தபோது அவர் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியவில்லையா, விருப்பமில்லையா என்று தெரியவில்லை. மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வீட்டு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அலமாரிக் கதவு திறந்திருந்தது. பின்னால் இரண்டு பெண் பிள்ளைகள், கையில் காலித் தட்டு, நின்றபடி வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள், "சீக்கிரம் முழுங்கு, யாராவது வந்துடுவாங்க."

அதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன், தம்பி. பார்த்து, பிள்ளைகள் ஒளிந்து விளையாடுகிறார்கள் என்று நினைத்து ரசித்திருக்கிறேன்.

மேனேஜரம்மா என்னைப் பார்க்காமலே, "நான் நாலு மணிக்குத்தான் சாப்பிடுவேன். பாதி நாள் டப்பாவை அப்படியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றார். தன் பெண்ணும் பள்ளிக்கூடத்திலிருந்து டப்பாவை அப்படியே கொண்டுவருகிறாள், திட்டுகிறேன் என்றார். நான் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை. இரண்டு கூட்டம், ஒரு வாக்குவாதம், சின்ன மிஸ்ஸின் ஒரு அழுகை. இப்போது காலையிலும் மதியமும் சமையல்காரம்மாவோ மேனேஜரம்மாவோ பத்து நிமிஷம் வந்து அறையில் உட்காருகிறார்கள், நாங்கள் ஒவ்வொருவராகப் போய் வருகிறோம். சாப்பாடு பிள்ளைகளோடு, அதே மேசையில், அதே உணவு. எங்களுக்குப் பெரிய நாற்காலி இரண்டு வந்திருக்கிறது. மூன்று மாதம் சோதனை என்று எழுதியிருக்கிறார்கள். மற்ற இரண்டு அறைகளுக்கு ஆள் போதவில்லை, அவர்கள் இன்னும் என்னை முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும்.

தச்சரை வரவழைத்து அந்த அலமாரிக் கதவைக் கழற்றிவிட்டோம். பாய்கள் வெளியே தெரிகின்றன, தெரியட்டும்.

சின்ன மிஸ்ஸுக்குத்தான் கஷ்டம். யாராவது பார்த்தால் அவளுக்குத் தொண்டையில் இறங்காது. முதல் நாள் இரண்டு வாயில் தட்டை நகர்த்திவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்த பொடியன், "மிஸ், மென்னு சாப்பிடணும், அவசரப்படக் கூடாது" என்றான். என் குரலில்தான் சொன்னான். வேறு வழியில்லாமல் மென்றாள். இப்போது கேரட்டில் யார் சத்தமாகக் கடிக்கிறார்கள் என்று போட்டி நடக்கிறது. காய்கறி அட்டையில் ஸ்டிக்கர் ஒட்ட எனக்கு மறந்தே போகிறது.

பரிசோதனை முடிவு: வலது பக்கம் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது. போனது திரும்ப வராதாம். இருப்பதைக் காப்பாற்றலாமாம். ஆறு வாரம் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், தண்ணீர் விடாமல் குடிக்க வேண்டும். முதுகுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து குனிந்து நிமிர்கிறார்கள், இது என் வைத்தியம் என்று அவர்களுக்குத் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. உனக்கு எழுதிய பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு பிள்ளை பஸ் வரைந்துவிட்டது. ஒன்பதாம் நம்பர் என்று நான் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

கடைசிப் பக்கத்துக்குத்தான் முதலில் தாவினேன். என்னைத் தெரியாதா உனக்கு? இவளிடம் படித்துக் காட்டும்போது வலது பக்கம் என்ற இடத்தோடு நான் நிறுத்திவிட்டேன். இவள் வாங்கி மீதியைப் படித்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்றால் அடுத்தது ஜூன் நடுவில். நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டேன். அன்றைக்கு நான் லீவு போட்டு உன்னோடு வருகிறேன். வேண்டாம் என்று எழுதாதே, டிப்போவில் சொல்லியாகிவிட்டது.

நேற்று ஒன்று நடந்தது. இவள் வாலுவை அழைத்துக்கொண்டு டிப்போவுக்கு வந்திருந்தாள். எனக்கு அடுத்த ஓட்டத்துக்கு எட்டு நிமிஷம். பஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் நின்று டப்பாவிலிருந்து வாயில் அடைத்துக்கொண்டிருந்தேன். வாலு கீழே நின்று என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, நீங்களும் அத்தைகிட்ட படிச்சீங்களா?"

கண்டக்டர் சிரித்தான். நான் டப்பாவை மூடிவிட்டேன்.

அக்கா, அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பத்தொன்பது. அப்பா வேலைக்குப் போய் எந்நேரம் வருவார் என்று தெரியாது. நீ எனக்குத் தட்டு வைப்பாய், எதிரில் நிற்பாய், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்பாய். நான் கேட்பேன், "நீ சாப்டியா?" நீ சொல்வாய், "ஆச்சு."

நேற்று பூராவும் பஸ் ஓட்டிக்கொண்டே யோசித்தேன். அந்த ஆச்சு எப்போது ஆயிற்று? நீ உட்கார்ந்து சாப்பிட்டு நான் ஒரு நாள்கூடப் பார்த்த ஞாபகம் இல்லை. இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது. எனக்கு அது ஒரு தடவைகூட உறைக்கவில்லை. வாலு நாலு வயதில் கண்டுபிடித்ததை நான் இவ்வளவு நாள் பார்க்காமலே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாங்கள் பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், மூன்று பேரும். சமையல் நாங்கள் செய்து எடுத்து வருகிறோம். நீ உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்குத்தான் வருகிறோம், வேறு வேலை இல்லை.

இவள் உன்னிடம் நேரில் ஒன்று சொல்ல வேண்டுமாம். எழுதித் தா என்றால் எழுத மாட்டாளாம். என்ன என்று உனக்கே தெரியும்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பி,

வாருங்கள்.

என் சாப்பாட்டு மேசைக்கு நான்கு நாற்காலி இருப்பது எனக்கே இப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்றில் மடிக்காத துணி மலை மலையாகக் கிடந்தது. எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து வைத்தேன். ஒன்று ஆடுகிறது, அதில் நீ உட்கார்.

உன் வீட்டுக்காரி சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவளும் ஆபீசில் மதியம் என்ன சாப்பிடுகிறாள், எப்போது சாப்பிடுகிறாள் என்று நான் கேட்பேன். தயாராக வரச் சொல். பச்சை டம்ளரை எடுத்து வாருங்கள். எனக்கு வாலு ஊற்றித் தரட்டும்.

பரிமாறுவதற்கு நான் நிற்க மாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும்.

நீ எழுதியதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. உன்மேல் தப்பு இல்லை, நீ சின்னப் பையன். சில நாள் உண்மையாகவே ஆச்சு. பல நாள் இல்லை. மீதியிருந்தால் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் நின்றபடி சாப்பிடுவேன். நீ பார்த்தால் உன் பங்கில் பாதியை எனக்கு வைப்பாய் என்று தெரியும், அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ வாசலில் செருப்பைக் கழற்றியதும் வழக்கமான கேள்வியை என்னிடம் கேள். நான் இன்னும் இல்லை, ரொம்பப் பசிக்கிறது என்று சொல்வேன்.

அக்கா